இணையம் எட்டாத கணிப்பொறி: குறை காணும் முறை

வீட்டில் மின்விளக்கு எரியவில்லையென்றால், எவரும் உடனே சுவரைப் பெயர்த்துக் கம்பிகளை மாற்ற முற்படுவதில்லை. அடுத்த வீட்டில் விளக்கு எரிகின்றதா என்று முதலில் எட்டிப் பார்க்கின்றனர். அங்கும் இருளாக இருப்பின் குறை தம் வீட்டினதன்று என்று தெளிகின்றனர். அங்கு ஒளி இருப்பின் தம் வீட்டு ஃப்யூஸைச் சோதிக்கின்றனர். அதுவும் நன்றாயிருப்பின் விளக்கைக் கழற்றி வேறொன்றை மாட்டிப் பார்க்கின்றனர். எழுத்தறியாதவரும் இயல்பாகக் கைக்கொள்ளும் இம்முறை, உண்மையில் விஞ்ஞான முறையே ஆகும். ஒவ்வொரு சோதனையும் ஐயத்திற்குரிய இடங்களுள் ஒரு பகுதியை நீக்கிவிடுகின்றது. எஞ்சிய பகுதியில் குறை தானே வெளிப்படுகின்றது.

ஆயினும், இணையத் தொடர்பு அற்றுப்போன ஒரு கணிப்பொறியின் முன் அமர்ந்தவுடன் கற்றறிந்தோரும் இம்முறையை மறந்துவிடுகின்றனர். கண்ட அமைப்புக்களையெல்லாம் மாற்றுகின்றனர். எங்கோ படித்த கட்டளைகளைப் பொருள் அறியாமலே தட்டச்சிடுகின்றனர். இறுதியில் கணிப்பொறியிலுள்ள அனைத்தையும் அழித்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்க முடிவு செய்கின்றனர். இம்முடிவினால் விளையும் இழப்புச் சில வேளைகளில் ஈடுசெய்ய இயலாததாகும்.

ஓர் எடுத்துக்காட்டு

மத்தியப் பிரதேசத்தில் நருமதை ஆற்றின் கரையில் மண்டலா என்னும் நகரம் உள்ளது. அந்நகரில் வாழும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரை எடுத்துக்காட்டிற்காகக் கற்பனை செய்து பார்க்கலாம். அவ்வட்டாரத்தில் பெருந்தொகையினராக வாழும் கோண்டு மக்களின் மொழியிலுள்ள சொற்களைப் பதினோர் ஆண்டுகளாக அவர் திரட்டி வருகின்றார். அத்தொகுப்பு முழுவதும் லினக்ஸ் இயங்குதளம் நிறுவப்பெற்ற அவருடைய பழைய கணிப்பொறியில் உள்ளது. வேறு பிரதி இல்லை. அவருடைய பேத்தி கல்லூரி மாணவி. உபகாரச் சம்பளத்திற்கான விண்ணப்பத்தை அன்று நள்ளிரவுக்குள் இணையத்தின் வழியே அவள் அனுப்பியாக வேண்டும். சான்றிதழ்களின் பிரதிகள் யாவும் அக்கணிப்பொறியிலேயே உள்ளன. மாலை 6 மணிக்குக் கணிப்பொறியை முடுக்கினால், எந்தத் தளத்தைக் கேட்டாலும் அதனைக் கண்டறிய இயலவில்லை என்னும் வாசகமே திரையில் தோன்றுகின்றது.

அடுத்த வீட்டு இளைஞர் ஒருவர் உதவிக்கு வருகின்றார். அவர் கையில் லினக்ஸ் அடங்கிய ஒரு பென்டிரைவ் உள்ளது. பழையதை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினால் ஒரு மணி நேரத்தில் யாவும் சீராகிவிடும் என்று அவர் நல்லெண்ணத்துடன் கூறுகின்றார். அவ்வாறு செய்திருந்தால் இணையம் ஒருவேளை மீண்டிருக்கும். பதினோர் ஆண்டுத் தொகுப்பு மீண்டிராது.

இக்குடும்பம் மேற்கொள்ளத்தக்க வழி யாது? சில கட்டளைகளும் சிறிது பொறுமையும் கொண்டு குறையின் இருப்பிடத்தைக் காண இயலும். அம்முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லினக்ஸும் இல்லங்களும்

லினக்ஸ் என்பது 1991-ஆம் ஆண்டில் ஃபின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவரால் தொடங்கப்பெற்றது. உலகெங்குமுள்ள பொறியியலாளர் பலர் கூடி அதனை வளர்த்தனர். எவரும் விலையின்றிப் பெற்று, விரும்பியவாறு மாற்றியமைத்துக் கொள்ளலாம் என்பது அதன் சிறப்பு. இந்தியாவில் சி-டாக் எனப்படும் உயர்நிலைக் கணிப்பியல் வளர்ச்சி மையம், இந்திய மொழிகளுக்கு ஏற்ற ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் வகையை 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டது. கேரள மாநிலத்தின் பள்ளிகளிலும் லினக்ஸ் பெருமளவில் உபயோகிக்கப்படுகின்றது.

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு அதனை ஆக்கிய நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவுற்றது. அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதியற்ற பழைய கணிப்பொறிகள் பலவற்றிற்கு லினக்ஸ் புத்துயிர் அளிக்கின்றது. எனவே, இதுகாறும் லினக்ஸை அறியாத இல்லங்களிலும் அது இடம்பெற்று வருகின்றது. அத்தகைய இல்லங்களில் இணையத் தொடர்பு அறுந்தால் உடனே உதவ வல்லவர் அருகில் இருப்பது அரிது. ஆதலின் அடிப்படையான சோதனைகளை வீட்டிலுள்ளோரே அறிந்திருத்தல் நலம்.

செய்தி செல்லும் வழி

கணிப்பொறியிலிருந்து புறப்படும் செய்தி ஐந்து கட்டங்களைக் கடந்தாக வேண்டும். முதலாவது, கணிப்பொறிக்கும் வீட்டிலுள்ள ரூட்டர் என்னும் சாதனத்திற்கும் இடையே கேபிள் வழியாகவோ வைஃபை அலைகள் வழியாகவோ இணைப்பு ஏற்பட வேண்டும். இரண்டாவது, கணிப்பொறி தனக்கென ஒரு விலாசத்தைப் பெறவேண்டும். மூன்றாவது, வெளியுலகிற்குச் செல்லும் வாயில் எது என்பதை அது அறிந்திருக்க வேண்டும். வீடுகளில் ரூட்டரே அவ்வாயில் ஆகும். நான்காவது, ரூட்டரிலிருந்து சேவை நிறுவனத்தின் வழியாக வெளியுலகம் வரை பாதை திறந்திருக்க வேண்டும். ஐந்தாவது, மனிதர் எழுதும் தளப் பெயரைக் கணிப்பொறி அறியும் எண்ணாக மாற்றித் தருவதற்கு ஒரு பதிவகம் கிட்ட வேண்டும்.

இக்கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்றவை. கீழ்க்கட்டம் பழுதாயின் மேற்கட்டம் இயங்காது; மேற்கட்டத்தில் பழுது நேரினும் கீழ்க்கட்டங்கள் செம்மையாகவே இருக்கக்கூடும். ஆகவே, கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகச் சோதித்துச் செல்வதே முறை. ஐந்தில் எது பழுதானாலும் திரையில் தோன்றும் வாசகம் பெரும்பாலும் ஒரே தன்மையதாக இருத்தலின், அவ்வாசகத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வருதல் தவறாகும்.

அடுத்த வீட்டு விளக்கு

கணிப்பொறியைத் தொடுவதற்கு முன் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. அதே வீட்டு வைஃபையில் இணைந்துள்ள கைப்பேசியில் ஏதேனும் ஒரு தளத்தைத் திறந்து பார்த்தல் வேண்டும். அப்போது கைப்பேசியின் மொபைல் டேட்டாவை நிறுத்திவிடுதல் அவசியம். இல்லையெனில், வீட்டு இணைப்பு அற்றிருக்கும்போதும் கைப்பேசி தன் சொந்த வழியில் இணையத்தை எட்டிச் சோதிப்போரை ஏமாற்றிவிடும்.

கைப்பேசிக்கும் இணையம் எட்டவில்லையெனில் குறை பெரும்பாலும் ரூட்டரிலோ சேவை நிறுவனத்திடமோ உள்ளது. கண்ணாடி இழை இணைப்புள்ள வீடுகளில், இழை வந்து சேரும் பெட்டியில் ‘எல், ஓ, எஸ்’ என்னும் எழுத்துக்களுக்கருகே சிவப்பு விளக்கு எரியுமாயின், ஒளிச் சமிக்ஞை வீட்டிற்கு வந்து சேரவில்லை என்பது பொருள். அந்நிலையில் கணிப்பொறியில் எதனை மாற்றினாலும் பயனில்லை. நிறுவனத்திற்கு அறிவிப்பதே வழி. கைப்பேசிக்கு இணையம் எட்டுமாயின் கணிப்பொறியையும் அதன் இணைப்பையும் சோதிக்க வேண்டும். மண்டலா ஆசிரியரின் வீட்டில் கைப்பேசி தடையின்றி இயங்கியது. ஒரு நிமிடச் சோதனையில் ரூட்டரும் சேவை நிறுவனமும் ஐயத்திலிருந்து நீங்கின.

முதற் கட்டம்: இணைப்பு

லினக்ஸில் டெர்மினல் என்னும் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஐ, பி என்னும் இரு சிறிய ஆங்கில எழுத்துக்களையும், ஓர் இடைவெளி விட்டு ‘லிங்க்’ என்னும் ஆங்கிலச் சொல்லையும் தட்டச்சிட வேண்டும். கணிப்பொறியிலுள்ள வலைப்பின்னல் முகப்புக்கள் யாவும் வரிசையாகத் தோன்றும். அவற்றுள் ‘லோ’ என்பது கணிப்பொறி தன்னுடனேயே பேசிக்கொள்ளும் உள்வழி. அதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. பெயர் ‘இ, என்’ என்னும் எழுத்துக்களில் தொடங்குவது கேபிள் முகப்பு. ‘டபிள்யூ, எல்’ என்று தொடங்குவது வைஃபை முகப்பு.

உபயோகத்திலுள்ள முகப்பின் வரியில் ‘ஸ்டேட் அப்’ எனக் காணப்படின் இணைப்புச் சரியாக உள்ளது. ‘நோ-கேரியர்’ என்று காணப்படின், மறுமுனையிலிருந்து மின் சமிக்ஞை வரவில்லை எனக் கொள்க. கேபிளின் இரு முனைகளையும் கழற்றி மீண்டும் செருகுதல், ரூட்டரில் வேறொரு துளையில் மாட்டிப் பார்த்தல், வேறொரு கேபிளை உபயோகித்தல் ஆகியவை பரிகாரங்கள். எலி கடித்த கேபிளையும், செருகியின் தாழ் ஒடிந்தமையால் சிறிதே வெளிவந்து நிற்கும் கேபிளையும் எத்தகைய கட்டளையும் சரிசெய்யாது.

வைஃபை முகப்பு இருந்தும் இயங்கவில்லையெனில், ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ என்னும் கட்டளை காரணத்தைக் கூறும். மடிக்கணினிகளில் விமானப் பயணத்திற்கென அமைந்த விசையைக் கை தவறி அழுத்திவிட்டால் வைஃபை முழுவதும் தடைப்படும். அத்தடையை இக்கட்டளை வெளிப்படையாகக் காட்டும். வைஃபை முகப்பே வரிசையில் தோன்றவில்லையெனில், அதனை இயக்கும் மென்பொருள் கணிப்பொறியில் இல்லாதிருக்கக்கூடும். அதனை இணையத்திலிருந்தே பெறவேண்டியிருத்தலின், இணையமின்றி இணையத்தை எவ்வாறு பெறுவது என்னும் சிக்கல் எழுகின்றது. அப்போது கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் கணிப்பொறியுடன் இணைத்து, கைப்பேசியின் இணையத்தைப் பகிரும் வசதியை முடுக்கினால், லினக்ஸ் அதனைப் பெரும்பாலும் ஒரு கேபிள் இணைப்பாகவே ஏற்றுக்கொள்ளும்.

ஆசிரியரின் கணிப்பொறி கேபிளால் இணைக்கப்பட்டிருந்தது. ‘ஸ்டேட் அப்’ என்னும் சொற்கள் தெளிவாகத் தோன்றின. முதற் கட்டத்தில் குறை இல்லை.

இரண்டாம் கட்டம்: விலாசம்

அடுத்து, ‘லிங்க்’ என்பதற்குப் பதிலாக ‘அட்ரஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துத் தட்டச்சிட வேண்டும். ‘இனெட்’ என்று தொடங்கும் வரியில், புள்ளிகளால் பிரிக்கப்பெற்ற நான்கு எண்கள் காணப்படும். 192.168.1.7 என்பது போன்ற இவ்வெண்ணே கணிப்பொறியின் விலாசம்.

1981-ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற இவ்விலாச முறையில் மொத்தம் சுமார் 429 கோடி விலாசங்களே உண்டு. உலகிலுள்ள சாதனங்கள் யாவற்றிற்கும் அவை போதா. ஆதலின் 1994-ஆம் ஆண்டில், வீடுகளும் அலுவலகங்களும் தம் எல்லைக்குள் மட்டும் உபயோகிப்பதற்கெனச் சில விலாசத் தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. 192.168 என்று தொடங்குபவையும், 10 என்று தொடங்குபவையும் அவ்வகையைச் சேர்ந்தவை. ஒரே தெருவிலுள்ள பல வீடுகளில் முதல் அறை, இரண்டாம் அறை என்று இருப்பதால் குழப்பம் நேராதது போலவே, இலட்சக்கணக்கான வீடுகளில் ஒரே விலாசம் வழங்கினும் குழப்பம் நேர்வதில்லை.

கணிப்பொறி இணைந்தவுடன் அதற்கு ஒரு விலாசத்தைக் குறித்த கால அளவிற்கு வழங்குவது ரூட்டரின் பணி. டிஎச்சிபி எனப்படும் இவ்வேற்பாடு 1993-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. கணிப்பொறி கேட்டும் ரூட்டர் விடையளிக்கவில்லையெனில், ‘இனெட்’ வரி இல்லாமலே போகும், அல்லது 169.254 என்று தொடங்கும் ஒரு விலாசம் தோன்றக்கூடும். பிந்தியது, விலாசம் அளிப்பார் இன்மையால் கணிப்பொறி தானே சூட்டிக்கொண்ட விலாசமாகும். அதனைக் கொண்டு வெளியுலகை எட்ட இயலாது. ‘இனெட்6’ என்னும் வரியில் ‘எஃப், இ, 8, 0’ என்று தொடங்கும் விலாசமும் அத்தகையதே. அதனைக் கண்டு இணைப்புச் சரியாக உள்ளதென்று மயங்குதல் கூடாது. இந்நிலைகளில் இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைத்தலும், ரூட்டரை அணைத்துச் சிறிது நேரம் கழித்து முடுக்குதலும் பெரும்பாலும் பயன் தரும்.

ஆசிரியரின் திரையில் 192.168.1.7 என்னும் விலாசம் தோன்றியது. இரண்டாம் கட்டமும் செம்மை.

மூன்றாம், நான்காம் கட்டங்கள்: வாயிலும் வெளியுலகும்

ஐ, பி என்னும் எழுத்துக்களுடன் ‘ரூட்’ என்னும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துத் தட்டச்சிட்டால் பாதைகளின் பட்டியல் தோன்றும். அதில் ‘டீஃபால்ட்’ என்று தொடங்கும் வரி வாயிலின் விலாசத்தைத் தருகின்றது, அது 192.168.1.1 என்பது போல் இருக்கும். அவ்வரியே இல்லையெனில், கணிப்பொறி வீட்டிற்குள் உலவுமேயன்றி வெளியே செல்லும் வழி அறியாது. கேபிளும் வைஃபையும் ஒருங்கே இணைந்துள்ள கணிப்பொறியில் இத்தகைய வரிகள் இரண்டு இருத்தல் கூடும். அவற்றின் இறுதியிலுள்ள ‘மெட்ரிக்’ என்னும் எண் எதற்குக் குறைவோ, அவ்வழியையே லினக்ஸ் தேர்கின்றது. குறைந்த எண்ணுடைய வழி அடைபட்டதாயின், மற்றொரு வழி திறந்திருந்தும் செய்தி தேங்கி நிற்கும். ஏதேனும் ஒன்றைத் துண்டித்துப் பார்த்தால் உண்மை விளங்கும்.

வாயிலின் விலாசம் தெரிந்தபின் அதனைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதற்கு உதவுவது ‘பிங்’ என்னும் கட்டளை. 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க இராணுவத்தின் ஆராய்ச்சிக் கூடமொன்றில் பணிபுரிந்த மைக் மூஸ் என்பவர், வலைப்பின்னலில் நேர்ந்த ஒரு குறையை ஆராயும்பொருட்டு இதனை ஆக்கினார். நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டறிய ஒலியைச் செலுத்தி அதன் எதிரொலியைக் கேட்கும் சோனார் கருவியின் ஓசையையே அவர் தம் கட்டளைக்குப் பெயராக இட்டார். கருத்தும் அதுவே: ஒரு சிறு செய்தியை அனுப்பி, அது திரும்பி வருகின்றதா, எவ்வளவு நேரத்தில் வருகின்றது என்று அறிதல்.

‘பிங்’ என்னும் சொல்லின்பின் வாயிலின் விலாசத்தைத் தட்டச்சிட்டால், வினாடிக்கு ஒரு வரியாக விடைகள் வரத் தொடங்கும். லினக்ஸில் இக்கட்டளை தானே நிற்பதில்லை; கன்ட்ரோல் விசையையும் ‘சி’ விசையையும் ஒருங்கே அழுத்தினால் நிற்கும். இதனை அறியாதார் கணிப்பொறி செயலிழந்துவிட்டதாக அஞ்சுவதுண்டு. விடை வந்தால் வாயில் வரை வழி உண்டு. வாராவிட்டால் வழியே இல்லையென்று உறுதியாகக் கூறிவிட இயலாது. சில சாதனங்கள் இக்கூப்பாட்டிற்கு விடையளிக்காதவாறு அமைக்கப்பட்டிருக்கும். விடை வருதல் உறுதியான சான்று. வாராமை ஐயத்திற்குரிய சான்று. இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அதன்பின் வீட்டிற்கு வெளியே உள்ள ஒரு விலாசத்தை, பெயரால் அன்றி எண்ணால் கூப்பிட வேண்டும். கூகிள் நிறுவனம் பொதுமக்களுக்கென நடத்திவரும் 8.8.8.8 என்னும் விலாசம் நினைவில் வைக்க எளியது. வாயில் விடையளித்து, இவ்வெண்ணும் பிற வெளி எண்களும் விடையளிக்கவில்லையெனில், குறை ரூட்டருக்கு அப்பால் உள்ளது எனக் கருதலாம். இவ்வெண் விடையளித்தால் கணிப்பொறி இணையத்தை எட்டிவிட்டது என்பதில் ஐயமில்லை. திரையில் என்ன வாசகம் தோன்றினும் சரியே.

ஆசிரியரின் கணிப்பொறிக்கு வாயிலும் விடையளித்தது, 8.8.8.8 என்பதும் விடையளித்தது. இணையம் இல்லை என்று மாலை முழுவதும் வருந்திய கணிப்பொறியில் இணையம் இருந்தது!

ஐந்தாம் கட்டம்: பெயர்

எஞ்சியது பெயர். இணையத்தின் தொடக்க காலத்தில், கணிப்பொறிகளின் பெயர்களும் எண்களும் அடங்கிய ஒரே பட்டியலை அமெரிக்காவிலுள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையம் பாதுகாத்து வந்தது. ஏனையோர் அதனைப் பிரதி செய்துகொண்டனர். கணிப்பொறிகள் பெருகவே, இம்முறை இயலாததாயிற்று. 1983-ஆம் ஆண்டில் பால் மோக்கபெட்ரிஸ் என்பவர், பட்டியலைப் பலரிடம் பகிர்ந்தளிக்கும் டிஎன்எஸ் என்னும் ஏற்பாட்டை வகுத்தார். இன்று தளப் பெயர் ஒன்றைத் தட்டச்சிட்டவுடன், கணிப்பொறி முதலில் இப்பதிவகத்தை அணுகி எண்ணைக் கேட்டறிந்த பின்னரே தளத்தை நாடுகின்றது.

‘பிங்’ கட்டளையை ஒருமுறை எண்ணாலும், ஒருமுறை தளப் பெயராலும் இயக்கிப் பார்த்தால் இக்கட்டத்தின் குறை தெரிந்துவிடும். எண்ணிற்கு விடை வந்து, பெயர் அறியப்படவில்லை என்னும் வாசகம் பெயருக்கு வருமாயின் பதிவகமே எட்டவில்லை. எப்பதிவகத்தைக் கணிப்பொறி நாடுகின்றது என்பதை அறிய, ‘என், எம், சி, எல், ஐ’ என்னும் ஐந்து எழுத்துக்களாலான கட்டளையுடன் ‘டிவைஸ் ஷோ’ என்னும் இரு சொற்களைச் சேர்க்க வேண்டும். நெட்வொர்க் மேனேஜர் என்னும் மென்பொருள் அமைந்த லினக்ஸ் வகைகளில் விலாசம், வாயில், பதிவகம் ஆகிய மூன்றையும் இக்கட்டளை ஒருங்கே காட்டும்.

ஆசிரியரின் கணிப்பொறியில் பதிவகத்தின் விலாசமாகக் காணப்பட்ட எண் புதிய சேவை நிறுவனத்தினுடையதன்று. நடந்தது இதுவே: முந்திய நிறுவனத்தின் இணைப்பில் தளங்கள் மெதுவாகத் திறந்தமையால், அந்நிறுவனத்தின் வேறொரு பதிவக விலாசத்தை எவரோ சில ஆண்டுகளுக்கு முன் கையால் எழுதி வைத்திருந்தார். மூன்று நாட்களுக்கு முன் வீட்டில் இணைப்பு வேறொரு நிறுவனத்திற்கு மாற்றப்பட்டது. சேவை நிறுவனங்களின் பதிவகங்களுட் பல தம் வாடிக்கையாளருக்கன்றிப் பிறருக்கு விடையளிப்பதில்லை. கைப்பேசிகள் புதிய ரூட்டர் கூறிய பதிவகத்தை ஏற்றுக்கொண்டமையால் தடையின்றி இயங்கின. கணிப்பொறியோ கையால் எழுதப்பட்ட பழைய எண்ணையே நாடிக்கொண்டிருந்தது. அம்மூன்று நாட்களிலும் அது முடுக்கப்படாமையால் குறை எவருக்கும் புலப்படவில்லை.

பரிகாரம் எளிது. அமைப்புக்கள் பகுதியில் கேபிள் இணைப்பைத் திறந்து, கையால் எழுதிய எண்ணை நீக்கி, பதிவகத்தைத் தானே பெற்றுக்கொள்ளும் நிலையை முடுக்கி, இணைப்பை ஒருமுறை துண்டித்து மீண்டும் இணைத்தால் போதும். பழைய நூல்கள் இதற்கு ‘ரெசால்வ்.கான்ஃப்’ என்னும் கோப்பைத் திருத்துமாறு கூறும். இக்காலத்து லினக்ஸ் வகைகள் பலவற்றில் அக்கோப்பு இயந்திரத்தாலேயே மீண்டும் மீண்டும் எழுதப்படுகின்றது. அதில் செய்யும் திருத்தம் அடுத்தமுறை முடுக்கும்போது மறைந்துவிடும். அதில் 127.0.0.53 என்னும் எண் காணப்படின், அது கணிப்பொறிக்குள்ளேயே அமர்ந்து பெயர்களைக் கேட்டறிந்து தரும் இடையாளின் விலாசம், குறையன்று.

கடிகாரம் தரும் தொல்லை

ஐந்து கட்டங்களும் செம்மையாக இருந்தும் தளங்கள் திறக்க மறுக்கும் நிலை ஒன்று உண்டு. பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் தன்னை மெய்ப்பிக்க ஒரு சான்றிதழைக் காட்டுகின்றது. அச்சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பழைய கணிப்பொறியினுள் காசு வடிவில் உள்ள சிறு மின்கலம் தீர்ந்துவிட்டால், அணைத்து வைக்கும்போதெல்லாம் அதன் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். அந்நாளில் அச்சான்றிதழ் பிறக்கவே இல்லையாதலால், பாதுகாப்பற்றது என்று கருதி உலாவி தளத்தைத் திறக்க மறுக்கும்.

ஆகவே திரையின் மூலையிலுள்ள தேதியையும் ஆண்டையும் பார்ப்பதும் சோதனைகளுள் ஒன்றாகும். இணையத்தின் வழியே நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாட்டை அமைப்புக்களில் முடுக்கி வைத்தால் இக்குறை பெரும்பாலும் நேராது. இந்தியாவின் நியம நேரத்தை அணுக்கடிகாரங்களைக் கொண்டு பேணிவரும் புதுதில்லி தேசிய பௌதிக ஆய்வுக்கூடம், அந்நேரத்தை இணையத்தின் வழியேயும் வழங்குகின்றது.

கைக்கொள்ளத்தக்க ஒழுங்கு

மேற்கூறிய ‘லிங்க்’, ‘அட்ரஸ்’, ‘ரூட்’, ‘பிங்’, ‘டிவைஸ் ஷோ’ ஆகிய கட்டளைகள் நிலைமையைப் பார்ப்பதற்கு மட்டுமே உரியவை. இங்குக் கூறியவாறு உபயோகித்தால் அவை எதனையும் மாற்றுவதில்லை. ஆகவே அவற்றை எத்தனை முறை இயக்கினும் தீங்கில்லை. ‘சுடோ’ என்னும் சொல்லுடன் தொடங்கும் கட்டளைகள் அவ்வாறல்ல. அவை கணிப்பொறியின் முழு அதிகாரத்துடன் செயற்படுபவை. பொருள் அறியாமல் அவற்றைத் தட்டச்சிடுதல், பெயர் தெரியாத மருந்தை உண்பது போன்றதாகும்.

மாற்றம் செய்ய வேண்டியவிடத்து, ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும். மாற்றுமுன் பழைய எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பயன் இல்லையெனில், அடுத்ததற்குச் செல்லுமுன் பழைய நிலையை மீட்க வேண்டும். இரண்டு மூன்றை ஒருங்கே மாற்றினால், குறை நீங்கினாலும் காரணம் தெரியாது. நீங்காவிட்டால் பழைய குறையுடன் புதியதொன்றும் சேர்ந்துவிடக்கூடும்.

இயந்திரத்தின் உறுப்பில் குறையா, அமைப்பில் குறையா என்னும் ஐயம் நீங்காதபோது, பென்டிரைவிலுள்ள லினக்ஸை நிறுவாமலே, அதிலிருந்து நேரே இயக்கிப் பார்க்கலாம். அவ்வாறு இயங்கும்போது, நிறுவும்படி கட்டளையிட்டாலன்றிக் கணிப்பொறியின் வட்டிலுள்ளவை அழிவதில்லை. அங்கு இணையம் எட்டினால் உறுப்புக்கள் நல்ல நிலையில் உள்ளன. வட்டிலுள்ள அமைப்பே குறையுடையது எனக் கொள்ளலாம். வட்டிலுள்ள கோப்புக்களை வேறிடத்தில் பிரதி செய்து காப்பதற்கும் இவ்வழி உதவும். அழிப்பதற்கெனக் கொண்டுவரப்பட்ட அதே பென்டிரைவ், காக்கும் கருவியாகவும் அமைதல் கவனித்தற்குரியது.

எல்லாச் சோதனைகளுக்குப் பின்னும் குறை தீரவில்லையெனில் பிறர் உதவியை நாடுவதில் இழிவில்லை. ஆனால் இணையம் வேலை செய்யவில்லை என்று மட்டும் கூறுவதற்கும், இணைப்பு உண்டு, விலாசம் உண்டு, வாயில் விடையளிக்கின்றது, வெளி எண் விடையளிக்கவில்லை என்று கூறுவதற்கும் பெரும் வேற்றுமை உண்டு. பின்னதைக் கேட்கும் பொறியியலாளர் பாதி வேலை முடிந்ததென்று மகிழ்வார்.

மண்டலா வீட்டில் சோதனைகள் அனைத்திற்கும் அரை மணி நேரமே தேவைப்பட்டது. இரவு 8 மணிக்குள் விண்ணப்பம் சென்று சேர்ந்தது. அதன்பின் ஆசிரியர் செய்த முதற் காரியம், தம் சொற்றொகுப்பைப் பென்டிரைவ் ஒன்றில் பிரதி செய்து அலமாரியில் வைத்ததாகும். இரண்டாவது, வாயிலின் எண், கணிப்பொறியின் விலாசம், ஐந்து சோதனைகளின் வரிசை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கணிப்பொறியின் அருகே ஒட்டியதாகும். கற்பனைக் குடும்பமாயினும் அதன் செய்கை எவ்வீட்டிற்கும் பொருந்தும். இணையம் செம்மையாக இயங்கும் நாளிலேயே இச்சோதனைகளை ஒருமுறை செய்து, கிடைக்கும் விடைகளைக் குறித்து வைத்துக்கொள்ளல் வேண்டும். நலமாயிருக்கும்போது நாடி எவ்வாறு துடிக்கும் என்பதை அறிந்தவருக்கே, நோயுற்றபோது அதன் வேறுபாடு விளங்கும்.